பாண்டி பஜாருக்குப் பெயர் கொடுத்த பட்டிவீரன்பட்டிக்காரர்

பஸ்சில் எல்லோருக்கும் இடம் வாங்கித் தந்த சவுந்தரபாண்டியன் கதை

தீபாவளி, பொங்கல் வந்துவிட்டால் சென்னை தியாகராயநகர் பாண்டி பஜாரில் எள் போட்டால் எள் விழாது. திண்டுக்கல், மதுரை, விருதுநகர் பக்கத்தில் இருந்து சென்னைக்குப் போகிறவர்களும் அங்கே ஒரு நடை போய், நாலு துணிமணி வாங்காமல் ஊர் திரும்புவதில்லை.

பாண்டி என்றால் பாண்டிச்சேரி என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். பாண்டிச்சேரியில் இருந்து வந்த வியாபாரிகள் கடை போட்டதால் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு பேச்சும் உண்டு. ஆனால் பெயர்ப் பலகையைப் பார்த்தால் சவுந்தரபாண்டியனார் அங்காடி என்று இருக்கும். சவுந்தரபாண்டியன் பஜார் என்பதுதான் வாயில் புரண்டு, தேய்ந்து, பாண்டி பஜார் ஆகிவிட்டது என்கிறார்கள்.

யார் இந்த சவுந்தரபாண்டியன்? வேறு யாரும் இல்லை. நம்ம திண்டுக்கல் சீமைக்காரர்தான்!

காப்பி மணக்கும் ஊர்

வத்தலக்குண்டை அடுத்த பட்டிவீரன்பட்டி, பழனி மலையின் அடிவாரத்து ஊர். ஊருக்கு மேலே தாண்டிக்குடி மலை. அங்கே விளையும் காப்பிக்கொட்டை கீழே இறங்குவது பட்டிவீரன்பட்டிக்குத்தான். தோட்டம் மலையிலே, வீடும் வியாபாரமும் தரையிலே. இப்படி வாழ்ந்த குடும்பங்களில் ஒன்றில் 1893-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி பிறந்தார் ஊ.பு.அ.சவுந்தரபாண்டியன்.

அப்போது திண்டுக்கல் தனி ஜில்லா இல்லை. மதுரை ஜில்லாவோடு இருந்தது. அது தனி மாவட்டமாகப் பிரிந்தது 1985-ல். அதுவும் எந்தத் தேதியில் தெரியுமா? செப்டம்பர் 15! சவுந்தரபாண்டியன் பிறந்த அதே தேதி.

தோட்டம், பணம், செல்வாக்கு எல்லாம் அந்த வீட்டில் இருந்தன. ஆனாலும் ஒன்று இல்லை. அந்தக் காலத்தில் நாடார் குலத்தில் பிறந்தவர்கள் எவ்வளவு பெரிய வியாபாரியாக இருந்தாலும் பெரிய கோவில்களுக்குள் நுழைய முடியாது. சில ஊர்களில் சில தெருக்களில் ஊர்வலம் போகக்கூடத் தடை.

1897-ல் கமுதி கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்தது வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்குப் பாதகமாகவே தீர்ப்பானது. 1899-ல் சிவகாசியில் பெரும் கலவரம் வெடித்து, வீடுகள் எரிந்தன. அப்போது சவுந்தரபாண்டியனுக்கு வயது ஆறுகூட நிறையவில்லை. மதுரை மீனாட்சி அம்மன் கோவில் கதவு அந்த மக்களுக்குத் திறந்தது 1939-ல்தான். அவருக்கு அப்போது வயது 45!

பேட்டையும் மகமையும்

தெருவில் இடம் இல்லை என்றால் என்ன செய்வது? தனக்கென்று ஓர் இடத்தை வாங்கிப்போட வேண்டியதுதான். நாடார் வியாபாரிகள் செய்தது அதைத்தான்.

வண்டிப்பாதை ஓரத்தில் மனை வாங்கி, சுற்றுச்சுவர் எழுப்பி, உள்ளே சரக்கு வைக்கவும், மாடு கட்டவும், இரவு தங்கவும் வசதி செய்தார்கள். அதற்குப் பெயர் பேட்டை. சரக்குக்குக் காவல், மனுஷனுக்கும் காவல். பேட்டை இருந்த இடத்தில் கடை வந்தது. கடையைச் சுற்றி வீடு வந்தது. வீட்டை ஒட்டிப் பள்ளிக்கூடம் வந்தது. தென்மாவட்டத்தில் பல கடைத்தெருக்கள் இப்படித்தான் வளர்ந்தன.

இதற்கெல்லாம் காசு? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். விற்கிற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வியாபாரியும் பொது உண்டியலில் போட வேண்டும். அதுதான் மகமை. சிறுதுளி பெருவெள்ளம் என்பது போல அந்தக் காசு சேர்ந்து, கிணறாகவும் சத்திரமாகவும் பள்ளிக்கூடமாகவும் மாறியது. விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படி எழுந்ததுதான். 1910-ல் பொறையாறு ரத்தினசாமி நாடார் முயற்சியில் நாடார் மகாஜன சங்கம் பிறந்தது. பிற்காலத்தில் அந்தச் சங்கத்தின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் சவுந்தரபாண்டியன்.

அரசியலில் குதித்தார்

1916-ல் சர் பிட்டி தியாகராயரும், டாக்டர் டி.எம்.நாயரும், மற்ற தலைவர்களும் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மக்கள் வாயில் அது ஜஸ்டிஸ் கட்சி. படிப்பிலும் உத்தியோகத்திலும் எல்லோருக்கும் பங்கு வேண்டும் என்பது அந்தக் கட்சியின் கோரிக்கை. அது சவுந்தரபாண்டியனை இழுத்தது. 1920-ல் நடந்த தேர்தலில் ஜெயித்து ஜஸ்டிஸ் கட்சி மந்திரிசபை அமைத்தது. நாடார் சமூகத்தின் பிரதிநிதியாகச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார், பட்டிவீரன்பட்டி தோட்டக்காரர்.

மலையடிவாரத்துக்காரருக்குப் பட்டணத்து வாசம் பழகியது. அதே சமயத்தில் பட்டணமும் மாறிக்கொண்டு இருந்தது.

ஏரி ஊரானது

இன்று பாண்டி பஜார் இருக்கும் வட்டாரத்தில் அன்று தண்ணீர் நின்றது. நுங்கம்பாக்கத்தில் தொடங்கி சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி அது. பட்டணத்தில் ஜனம் பெருகிவிட்டது. குடியிருக்க இடம் போதவில்லை. 1920-ல் நகர அமைப்புச் சட்டம் வந்தது. 1923-ல் மாம்பலம் பக்கத்து ஏரியை வடித்து, மனை போடும் வேலை ஆரம்பித்தது.

நடுவிலே ஒரு பூங்கா. அதைச் சுற்றி நாலா பக்கமும் அகலமான ரோடுகள். ரோட்டின் ஓரத்தில் தோட்டத்தோடு வீடு கட்டும் அளவுக்கு மனைகள். சென்னைக்காரர் கணக்கில் மனை என்றால் கிரவுண்டு. 2,400 சதுர அடி. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் சுமார் ஐந்தரை சென்ட்.

ஊருக்குத் தியாகராயர் பெயர். அந்த ஊர் வளர்ந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1925-லேயே காலமாகிவிட்டார். பூங்காவுக்கு முதல்-மந்திரியாக இருந்த பனகல் ராஜா பெயர். ரோடுகளுக்கு டாக்டர் நாயர், உஸ்மான், ஜி.என்.செட்டி என்று பிரமுகர்களின் பெயர்கள். ஊரைச் சுற்றி வந்தால் ஜஸ்டிஸ் கட்சிக் கூட்டத்துக்கே போய்வந்த மாதிரி இருக்கும்!

குடியிருப்பதற்காகப் போட்ட ஊர் அது. ஆனால் வீடு இருந்தால் அரிசி, பருப்பு, துணி வேண்டாமா? 1928-லேயே பனகல் பூங்கா பக்கம் நல்லி பட்டுக்கடை வந்துவிட்டது. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். கூட்டம் வந்தது; கூட்டத்தைத் தேடிக் கடை வந்தது. தியாகராய ரோட்டில் வரிசையாகக் கடைகள் முளைத்தன. அந்தக் கடைத்தெருவுக்குத்தான் சவுந்தரபாண்டியன் பெயர்.

ஏரியைத் தூர்த்தவர் அவர் அல்ல. மனை போட்டு விற்றவரும் அல்ல. பிறகு ஏன் அவர் பெயர்? அவர் வேறு இடத்தில் செய்த காரியத்தைப் பார்த்தால் விளங்கும்.

லைசென்சு ரத்து!

1928-ம் ஆண்டு வாக்கில் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவர் ஆனார் சவுந்தரபாண்டியன். ஜில்லா போர்டு என்றால் அந்தக் காலத்தில் சாமான்யம் இல்லை. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அதன் கையில். ரோட்டில் ஓடுகிற மோட்டார் பஸ்சுக்கு லைசென்சு கொடுப்பதும் அதுதான்.

பஸ் புதிதாக வந்த காலம். துட்டு கொடுத்தால் டிக்கெட் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் பொருந்தவில்லை. ஆதிதிராவிடர் என்று தெரிந்தால் பஸ்சில் ஏற்ற மாட்டார்கள். வெயிலில் மைல் கணக்காக நடந்துதான் போகவேண்டும்.

சவுந்தரபாண்டியன் ஓர் உத்தரவு போட்டார். எந்த பஸ்காரர் ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்தாலும் அந்த பஸ்சின் லைசென்சு ரத்து. அவ்வளவுதான்! பிரசங்கம் இல்லை, கெஞ்சல் இல்லை. லைசென்சு போனால் பிழைப்பு போய்விடும் என்பது முதலாளிகளுக்குத் தெரியும். உத்தரவு போட்டவர் வியாபாரக் குடும்பத்துக்காரர்; எங்கே பிடித்தால் வண்டி நிற்கும் என்று அவருக்கும் தெரியும்.

அதில் இன்னொன்றும் உண்டு. தெருவில் நடக்கத் தடை பார்த்த சமூகம் காசு சேர்ந்ததும் தன் பேட்டைக்குள் நிம்மதியாக இருந்துவிடலாம். தனக்குக் கீழே இன்னொருத்தனை வைத்துப் பார்க்கவும் செய்யலாம். இவர் அப்படிச் செய்யவில்லை. தனக்குக் கிடைக்காத மரியாதையை, தனக்கு அதிகாரம் கிடைத்ததும், தன்னைவிட ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கிடைக்கச் செய்தார்.

பட்டத்தைத் துறந்தார்

1929-ம் ஆண்டு பிப்ரவரி 17, 18-ந்தேதிகளில் செங்கல்பட்டில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. மாநாட்டின் மூளையும் முதுகெலும்பும் பெரியார் ஈ.வெ.ரா. தலைமை தாங்கியவர் சவுந்தரபாண்டியன்.

பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று அந்த மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். வீடும் நிலமும் ஆண்பிள்ளைக்கே என்று இருந்த காலத்தில் அது லேசான காரியம் இல்லை. தமிழ்நாட்டில் மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது 1989-ல்தான். அறுபது வருஷம் பிடித்தது!

பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக்கூடாது என்பது இன்னொரு தீர்மானம். ஊருக்கு உபதேசம் என்று விட்டுவிடாமல், தலைவர் தன் பெயரில் இருந்த நாடார் பட்டத்தை நீக்கிக்கொண்டார். நாடார் மகாஜன சங்கம் கொண்டாடிய மனிதர் அவர். சமூகத்துக்காகப் பாடுபட்டதும் அவர்தான். சாதிப் பட்டம் வேண்டாம் என்றதும் அவர்தான். ஆனால் ஊர் லேசில் விடுமா? பட்டத்தோடேயே அவர் பெயரைச் சொல்வது இன்றுவரை நடக்கிறது.

1937 தேர்தலில் காங்கிரஸ் அலை அடித்தது. ஜஸ்டிஸ் கட்சி சாய்ந்தது. ரோட்டுக்கும் பூங்காவுக்கும் பெயர் கொடுத்த பிரமுகர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். 1953-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந்தேதி சவுந்தரபாண்டியனும் காலமானார். வயது 59.

அடுத்த வருஷமே, 1954 ஏப்ரலில், விருதுநகர் காமராஜர் முதல்-மந்திரி ஆனார். அவர் காங்கிரஸ், இவர் ஜஸ்டிஸ். அரசியலில் எதிரெதிர் முகாம். ஆனால் காமராஜர் குடியிருந்த வீடும் தியாகராயநகரில்தான். திருமலைப்பிள்ளை ரோட்டில் அது இன்று நினைவு இல்லம்.

இன்று பாண்டி பஜார்

தோட்ட வீடுகள் போய் அடுக்குமாடிக் கட்டிடங்கள் வந்துவிட்டன. குடியிருக்க வந்தவர்களைவிடக் கடைக்கு வருகிறவர்கள்தான் அதிகம். பாண்டி பஜார் நடைபாதையில் வளையலும் செருப்பும் விற்ற வியாபாரிகளை 2013-ல் பக்கத்தில் கட்டிய வணிக வளாகத்துக்குள் மாற்றினார்கள். 2019 நவம்பரில் ரோட்டைக் குறுக்கி, நடப்பவர்களுக்கு அகலமான நடைபாதை திறந்தார்கள். 2023-ல் மாம்பலம் ஸ்டேஷனில் இருந்து பஸ் நிலையம் வரை ஆகாய நடைபாலமும் வந்துவிட்டது.

ஆனால் தண்ணீர் தன் பழைய இடத்தை மறக்கவில்லை. 2021 நவம்பர் மழையில் தியாகராயநகர் ரோடுகளில் முழங்கால் அளவு வெள்ளம். நூறு வருஷத்துக்கு முந்திய ஏரி எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. நீர் நின்ற இடத்தில் மனை வாங்கினால் நீருக்கும் வழி விட்டுத்தான் கட்டவேண்டும் என்பதை ஒவ்வொரு மழையும் கற்றுக்கொடுக்கிறது. திண்டுக்கல்லைச் சுற்றிக் கண்மாய் ஓரத்தில் மனை பார்க்கிறவர்களும் யோசிக்க வேண்டிய விஷயம் அது.

அங்கே நடக்கிறவர்களில் யார் எந்த சாதி என்று யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் கேட்பதெல்லாம், என்ன கலர் வேண்டும், எத்தனை மீட்டர் வேண்டும் என்பதுதான். ஜில்லா போர்டு தலைவர் லைசென்சை ரத்து செய்வேன் என்று மிரட்டி வாங்கிக்கொடுக்க வேண்டியிருந்த உரிமை, அவர் பெயர் கொண்ட தெருவில் கேட்காமலே கிடைக்கிறது.

அடுத்த தடவை பாண்டி பஜாருக்குப் போகிற திண்டுக்கல்காரர்கள், பை நிறையத் துணி வாங்கின கையோடு, தலையைத் தூக்கி அந்தப் பெயர்ப் பலகையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம். அதில் இருப்பது பாண்டிச்சேரி இல்லை, பட்டிவீரன்பட்டி!