தாயுமான சுவாமிகளும் யோக நெறியின் தொடக்கமும்

யோக நெறியிற் புக விரும்புவோர் முதற்கண் கேட்பன எவ்வாதனத்தில் இருத்தல் வேண்டும், மூச்சை எத்துணைப் பொழுது அடக்குதல் வேண்டும் என்பனவேயாம். அச்சிட்ட நூல்களும் படங்களும் மலிந்த இக்காலத்தில் இவற்றிற்கு விடை பெறுதலும் எளிது. ஆயின், யாரைச் சார்ந்து தொடங்குவது, எந்நிலையில் நின்று தொடங்குவது என வினவுவார் மிகச் சிலரே. அவ்விரு வினாக்களுக்கும் தாயுமான சுவாமிகளது திருவாழ்க்கையே விடையாக நிற்றலின், அதனை ஈண்டுச் சுருங்க எழுதப் புகுந்தாம்.

சோழநாட்டுத் திருமறைக்காட்டில் சைவ வேளாளர் மரபில் வந்தவர் கேடிலியப்ப பிள்ளை என்பார். அவர்தம் அருமைப் பண்பறிந்த நாயக்க மன்னர், அவரைத் திரிசிரபுரத்திற்கு வருவித்துத் தம் அரண்மனைப் பெருங்கணக்கராக அமர்த்தினர். அவர் தம் மூத்த புதல்வராகிய சிவசிதம்பரம் பிள்ளையை மகப்பேறில்லாத தமையனாருக்குச் சுவீகாரமாக அளித்தனர். பின்னர், அவரும் மனைவியார் கஜவல்லி அம்மையாரும் திரிசிராமலைப் பெருமானை வேண்டி மற்றொரு புதல்வரைப் பெற்று, அப்பெருமான் திருநாமத்தையே அவர்க்கு இட்டனர். தாயில்லாத் துயர் தீர்க்கத் தாயாகி வந்த இறைவனது அத்திருநாமம், பிற்காலத்துப் பாடலால் உலகறிந்த பெயராயிற்று.

தமிழும் வடமொழியும் கற்றுச் சிறந்த தாயுமானவர், தந்தையார் மறைந்தபின் அவர் வகித்த பதவியை ஏற்றனர். அக்காலத்து ஆண்ட மன்னர் 1706 முதல் 1732 வரை அரசு செலுத்திய விஜயரங்க சொக்கநாத நாயக்கர் என்பது வழங்கிவரும் வரலாறு. கணக்கும் வழக்கும் நிறைந்த அவ்வலுவலின் நடுவே சுவாமிகள் உள்ளம் நிட்டையையே நாடிற்று. நூல்கள் பல கற்றும் ஐயம் தீர்ந்திலது. கற்றதனால் வாதம் பெருகியதன்றி அமைதி பிறவாமையைத் தாமே பின்னர்ப் பாடல்களில் வருந்தி வெளியிட்டுள்ளார்.

இந்நிலையில் அவரை ஆட்கொண்டவர் திரிசிரபுரத்தில் எழுந்தருளியிருந்த மௌன தேசிகர். இவர் திருமூலர் மரபில் வந்தவர் என்பது சுவாமிகள் திருப்பாடல்களாலேயே விளங்கும். தேசிகரைக் கண்ட அப்பொழுதே, பதவியும் மனையும் துறந்து அவர் பின்னே சென்றுவிடச் சுவாமிகள் துணிந்தனர். இளமையும் கல்வியும் பேராவலும் ஒருங்குற்ற இத்தகைய மாணாக்கரைப் பெறின், அன்றே காவி தந்து பிராணாயாமம் கற்பிக்கும் ஆசிரியர் உளராகலாம். மௌன தேசிகரோ அவ்வாறு செய்திலர். இல்லறத்தில் நின்று மகப்பேறு எய்துமாறும், அதன்பின் தாமே வந்து துறவருளுவதாகவும் கூறி, அதுவரையிற் சும்மா இருக்கும்படி பணித்தருளினர்.

மாணாக்கர் வேண்டியது ஒன்று; குரு அளித்தது மற்றொன்று. வேண்டியது கிடையாமையால் வேறொரு குருவை நாடிச் செல்லாமையே சுவாமிகள் செய்த முதல் யோகம் என்பது எமது கருத்து. சிலகாலம் அவ்வலுவலிலேயே இருந்தனர். ஒருநாள் அரச சபையில் திருமுகமொன்றைத் தம்மையறியாது கசக்கினர் எனவும், அவ்வேளை திருவானைக்காவில் அம்மையின் ஆடையிற் பற்றிய தீயை அவர் கையே அவித்தது எனவும் செவிவழிச் செய்தி வழங்கும். கை ஏட்டிலும் கருத்துத் திருவடியிலும் இருந்தமையை மக்கள் எவ்வாறு உணர்ந்தனர் என்பதற்கு இது சான்றாம்.

மன்னர் இறந்தபின், அரசியார் மீனாட்சியின் விருப்பத்தால் நேர்ந்த இடர்ப்பாட்டினின்றும் நீங்கிச் சுவாமிகள் இராமநாதபுரம் சென்றனர் என்பர். தமையனார் அங்குச் சென்று அவரை அழைத்து வந்து, திருமறைக்காட்டில் மட்டுவார்குழலி என்னும் நங்கையை மணம் புரிவித்தனர். கனகசபாபதி என்னும் மகவு பிறந்தபின் அம்மையார் இறைவனடி சேர்ந்தனர். அப்பொழுதே மௌன தேசிகர் முன்சொன்னபடி எழுந்தருளித் துறவு நல்கினர்.

இவ்விடைக்காலம் வீணே கழிந்ததோ எனின், அன்று. இயமம், நியமம் என்னும் இரண்டும் ஆதனத்திற்கு முன்னே வைக்கப்பட்டமையை யோகநூல் ஓதுவார் அறிவர். திருமந்திரம் மூன்றாந் தந்திரமும் எட்டுறுப்புக்களை இம்முறையிலேயே விரிக்கின்றது. பிறர் பொருள் புழங்கும் பதவியிற் பற்றின்றி நிற்றலும், அரண்மனை வாழ்விற் காமத்திற்கு இடங்கொடாது விலகுதலும், மனைவியை இழந்த துயரிற் கலங்காமையும் இயம நியமங்களன்றி வேறென்னை? வினை நுகர்ந்து கழிதலும் மலம் பரிபாகமுறுதலும் நிகழுமுன் மூச்சை மட்டும் அடக்குதல், வேரறாத மரத்தின் கிளையை வளைத்துப் பிடித்தலையே ஒக்கும். கை நெகிழ்ந்தவுடன் அது முன்போல் நிமிரும்.

சும்மா இருத்தலாவது தொழிலின்றிச் சோம்பியிருத்தல் என மயங்குவாரும் உளர். அரசாங்கக் கணக்கரை நோக்கி அருளிய மொழி அவ்வாறு பொருள்படாது. யான் செய்கின்றேன் என்னும் தற்போதம் அடங்கி, அருளின்வழி நிற்றலே அதன் பொருள். அரிய சித்திகள் பலவும் கைகூடினும் மனத்தை அடக்கிச் சும்மா இருத்தல் அரிது எனச் சுவாமிகள் பாடியது, தாம் பட்டறிந்த உண்மையையேயாம். சரியை முதலிய நான்கையும் அரும்பு, மலர், காய், கனி என அவர் உவமித்ததும் இதனோடு இயையும். அரும்பை நெகிழ்த்துக் கனியைத் தேடுவார்க்கு இரண்டும் இல்லையாம்.

துறவுபூண்ட சுவாமிகள் தலங்கள்தோறும் சென்று வழிபட்டு, இராமநாதபுரத்தை அடுத்த இலட்சுமிபுரத்தில் சமாதி கூடினர். அவர் பாடல்களை அருளையர், கோடிக்கரை ஞானியார் என்னும் மாணாக்கர்கள் போற்றி உலகிற்கு உதவினர். அவை ஐம்பத்தாறு பகுதிகளாக வழங்குகின்றன.

ஆகலின், யோகம் பயிலத் தொடங்கும் அன்பர்க்கு யாம் சொல்லத்தக்கது இவ்வளவே. முதலில் தக்க குருவை நாடுக. அவர் காத்திருக்கப் பணிப்பின், அக்காத்திருத்தலையே சாதனமாகக் கொள்க. தாம் நிற்கும் மனையும் தொழிலும் தடையென எண்ணி ஓடற்க. அங்கே ஒழுக்கம் முற்றுமாயின், குரு மீண்டும் வருவர். சுவாமிகட்கு அவர் வந்தமையே நமக்குத் துணிவாகும்.