சவுல் ராஜா: உயரமும் உள்ளமும்

தாவீது, கோலியாத் கதை நம் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சண்டை நடந்த நாளில் இஸ்ரவேலுக்கு ராஜாவாக இருந்தவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதே இல்லை. அவர்தான் சவுல். இஸ்ரவேலின் முதல் ராஜா. சுமார் 3000 வருடங்களுக்கு முன் வாழ்ந்தவர். பைபிளில் சாமுவேலின் முதலாம் புத்தகத்தில் இவர் கதை வருகிறது.

கழுதை தேடப் போனவர்

சவுல் பென்யமீன் கோத்திரத்தில் பிறந்தவர். அப்பா பெயர் கீஸ். ஒருநாள் அப்பாவின் கழுதைகள் காணாமல் போச்சு. வேலைக்காரனோடு ஊர் ஊராகத் தேடியும் கிடைக்கலை. தீர்க்கதரிசி சாமுவேலிடம் கேட்கலாம் என்று போனார். அவரோ இவர் தலையில் எண்ணெய் ஊற்றி ராஜாவாக அபிஷேகம் பண்ணிவிட்டார்!

ஆள் நல்ல அழகு, நல்ல உயரம். கூட்டத்தில் நின்றால் மற்றவர்கள் அவர் தோளுக்குத்தான் வருவார்கள். ஆனாலும் சீட்டுப் போட்டு அவர் பெயர் விழுந்தபோது மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டார். சிலர் அவரைக் கேலி பண்ணினார்கள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

கொஞ்ச நாளில் அம்மோனியர் வந்து யாபேஸ் ஊரை வளைத்தார்கள். ஊரார் எல்லாருடைய வலது கண்ணையும் பிடுங்கினால்தான் சமாதானமாம்! அப்போது சவுல் வயலிலிருந்து மாடுகளின் பின்னே வந்துகொண்டிருந்தார். சேதி கேட்டதும் ஜனங்களைத் திரட்டிப் போய் ஊரை மீட்டார். முன்பு கேலி செய்தவர்களைக் கொல்ல வேண்டும் என்று ஜனங்கள் கேட்டார்கள். ஒருவரும் சாகக்கூடாது என்று தடுத்தார். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்!

வெளி கௌரவம்

பிறகு கர்மேலில் தனக்குத்தானே ஞாபகத் தூண் நிறுத்தினார். அமலேக்கியரோடு நடந்த போரில் கட்டளையை மீறியதற்காகச் சாமுவேல் கண்டித்தார். தப்பை ஒத்துக்கொண்ட சவுல், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் மட்டும் தன் மரியாதையைக் காப்பாற்றும்படி கெஞ்சினார்.

அடுத்த ராஜாவைத் தேடி சாமுவேல் பெத்லகேமுக்குப் போனார். ஈசாயின் மூத்த மகன் எலியாபின் தோற்றத்தைப் பார்த்து அவரே ஏமாந்தார். ஆனால் கடவுள் முகத்தையும் உயரத்தையும் பார்க்கவில்லை, இருதயத்தைப் பார்த்தார். ஆடு மேய்த்த கடைசிப் பையன் தாவீதுக்குத்தான் அபிஷேகம் கிடைத்தது.

ஆறு முழமும் ஒரு ஜாணும் உயரமான கோலியாத் 40 நாள் சவால் விட்டான். ஜனங்களிலேயே உயரமான சவுல் பயந்துபோய் இருந்தார். போனது தாவீதுதான். ஜெயித்து வந்தவனைப் பெண்கள் பாடிப் புகழ்ந்ததும் ராஜாவுக்குப் பொறாமை பிடித்தது. தாவீதைக் கொல்ல ஈட்டியை எறிந்தார். தாவீதுக்காகப் பேசிய சொந்த மகன் யோனத்தான் மேலேயும் எறிந்தார்.

நோபு ஊரில் நடந்தது

தப்பி ஓடிய தாவீதுக்கு நோபு ஊர் ஆசாரியர் அகிமெலேக்கு அப்பம் கொடுத்தார். ராஜாவுக்கும் அவனுக்கும் பகை என்பதே அவருக்குத் தெரியாது. சவுல் விசாரணை என்று கூப்பிட்டு, எல்லா ஆசாரியரையும் கொல்லச் சொன்னார். பக்கத்தில் நின்ற சேவகர்கள் ஆயுதத்தைத் தொட மறுத்துவிட்டார்கள். தோவேக்கு என்பவன் முன்வந்து ஒரே நாளில் 85 பேரை வெட்டினான். ஊரில் பெண்கள், குழந்தைகளையும் விடவில்லை. கேலி செய்தவர்களையே மன்னித்த அதே சவுல்!

கடைசியில் குறி சொல்பவர்களைத் துரத்தச் சட்டம் போட்டவரே, ராஜ உடையைக் கழற்றி வேஷம் மாற்றிக்கொண்டு, ராத்திரியில் எந்தோரில் குறி கேட்கப் போனார். மறுநாள் கில்போவா மலையில் மூன்று மகன்கள் இறந்தார்கள். அவரும் தன் வாள்மேல் விழுந்து செத்தார். பெலிஸ்தர் உடலை பெத்சான் மதிலில் தொங்கவிட்டார்கள்.

அதை இறக்கி எடுத்தது யார் தெரியுமா? யாபேஸ் ஊர்க்காரர்கள்! ராத்திரி முழுக்க நடந்து வந்து, எடுத்துப் போய் அடக்கம் செய்து, ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். அவர் கட்டிய தூணை அவர்கள் நினைக்கவில்லை. தங்கள் கண்களைக் காப்பாற்றியதைத்தான் நினைத்தார்கள்.

சிந்திப்போம் நண்பர்களே!

வகுப்பு லீடரோ, டீம் கேப்டனோ, நாளைக்குப் பெரிய அதிகாரியோ ஆகலாம். அந்தப் பதவி அடுத்தவரைக் காப்பாற்றவா, நம் கௌரவத்தைக் காப்பாற்றவா? நாம் சேவகராகவே இருந்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம். நோபு ஆசாரியர்மேல் கை வைக்க மறுத்தவர்களின் பெயர் பைபிளில் இல்லை. ஆனால் அன்றைக்கு ராஜாவைவிட உயர்ந்து நின்றவர்கள் அவர்கள்தான்.