ஜார்ஜ் உர்பேன்

ஜார்ஜ் உர்பேன் (ஏப்ரல் 12, 1872 – நவம்பர் 5, 1938) பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஒரு வேதியியலாளர் ஆவார். லூட்டேட்டியம் என்னும் தனிமத்தைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர். கடோலினியம் இரும்பைப் போல் காந்தமாகக்கூடியது என்பதை 1935 இல் அறிவித்த மூவருள் இவரும் ஒருவர்.

வாழ்க்கை

பாரிசில் பிறந்த உர்பேன், அந்நகரின் இயற்பியல், தொழில் வேதியியல் உயர்கல்லூரியில் 1894 இல் பட்டம் பெற்றார். 1899 இல் முனைவரானார். 1908 இல் சோர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும், 1921 இல் பிரான்சிய அறிவியல் கழக உறுப்பினராகவும் ஆனார். இசையமைப்பிலும் சிற்பக்கலையிலும் ஈடுபாடு கொண்டிருந்தார்.

அருமண் ஆய்வுகள்

அருமண் தனிமங்கள் வேதிப் பண்புகளில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றைப் பிரிப்பது அக்காலத்தில் மிகக் கடினமான பணியாக இருந்தது. உப்புக் கரைசலை மீண்டும் மீண்டும் படிகமாக்குவதே வழி. உர்பேன் இதனைப் பல ஆயிரம் முறை, ஆண்டுக்கணக்கில் செய்தார். பிசுமத் நைத்திரேட்டைச் சேர்த்தால் சமாரியம், யூரோப்பியம், கடோலினியம் ஆகியவை எளிதில் பிரியும் என்பது இவர் கண்ட பயனுள்ள உத்தி. ஒவ்வொரு பகுதியின் தூய்மையையும் நிறமாலையால் மட்டுமன்றி, அதன் காந்த ஏற்புத்திறனை அளந்தும் இவர் சோதித்தார்.

1907 இல் இட்டெர்பியம் எனக் கருதப்பட்ட பொருளை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குப் பாரிசின் பண்டைய பெயரால் லூட்டேசியம் எனப் பெயரிட்டார். ஆசுத்திரியாவின் கார்ல் அவுவர் பொன் வெல்சுபாக்கும் தனியாக இதே முடிவை அடைந்திருந்தார். முன்னுரிமை குறித்த பூசலில், 1909 இல் பன்னாட்டு அணுநிறை ஆணையம் உர்பேனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அவ்வாணையத்தில் உர்பேனும் ஓர் உறுப்பினர் என்பது கவனிக்கத்தக்கது. செருமன் மொழி நூல்களில் காசியோப்பியம் என்ற பெயரே நெடுங்காலம் வழங்கியது.

செல்ட்டியம்

1911 இல் மேலும் ஒரு தனிமத்தைக் கண்டதாக அறிவித்து, அதற்குச் செல்ட்டியம் எனப் பெயரிட்டார். 1914 இல் அம்மாதிரியை ஆக்சுபோர்டில் இருந்த என்றி மோசுலேயிடம் எடுத்துச் சென்றார். மோசுலேயின் எக்சு கதிர் ஆய்வில் அறியப்பட்ட அருமண்களின் கோடுகளே தெரிந்தன. 72 ஆம் தனிமத்துக்கான கோடுகள் இல்லை. ஆண்டுக்கணக்கில் படிகமாக்கிப் பெற்ற விடைகளைச் சில நாட்களில் சரிபார்த்த அம்முறையை உர்பேன் பெரிதும் மதித்தார். மோசுலே 1915 இல் கலிப்பொலிப் போரில் இறந்தார்.

1922 இல் செல்ட்டியம் உண்மையே என்ற கருத்து பாரிசில் மீண்டும் எழுந்தது. ஆனால் 1923 இல் கோசுட்டரும் எவெசியும் கோப்பனேகனில் 72 ஆம் தனிமமான ஆஃபினியத்தைச் சிர்க்கோனியக் கனிமத்தில் கண்டறிந்தனர். அது அருமண்ணே அன்று. உர்பேன் தவறான இடத்தில் தேடியிருந்தார்.

கடோலினியத்தின் காந்தம்

பெலிக்சு திராம்பு தயாரித்த கடோலினிய உலோகத்தை, பியர் வெய்சுடன் சேர்ந்து ஆராய்ந்த உர்பேன், அது ஏறத்தாழ 16 பாகை செல்சியசுக்குக் கீழே இரும்பியல் காந்தமாவதை 1935 இல் வெளியிட்டார். அதுவரை இரும்பு, கோபால்ட்டு, நிக்கல் ஆகிய மூன்று தனிமங்களே அவ்வாறு அறியப்பட்டிருந்தன. இன்று தூய மாதிரிகளில் இவ்வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகை எனக் கொள்ளப்படுகிறது. கடோலினிய அணுவின் 4எஃப் உட்கூட்டில் உள்ள ஏழு இணையற்ற எதிர்மின்னிகளே இக்காந்தத்துக்குக் காரணம்.

1980களில் கடோலினியத்தையும் இட்ரியத்தையும் மாறிமாறிப் படியவைத்த மென்படலங்கள் ஆராயப்பட்டன. இடையிலுள்ள இட்ரிய அடுக்கின் தடிமனுக்கு ஏற்ப, அடுத்தடுத்த கடோலினிய அடுக்குகளின் காந்தத்திசை ஒரே பக்கமாகவோ எதிரெதிராகவோ அமைவது 1986 இல் கண்டறியப்பட்டது.