ஊமைப் படத்திலிருந்து பேசும் படத்துக்கு: ராஜா சாண்டோ

ஆண்டுதோறும் நம் சங்கத்தின் விழா மலரில் தமிழ்ப் பெருமக்கள் ஒருவருடைய வரலாற்றை எழுதிவருவது நம் வழக்கம். புலவர்களைப் பற்றி எழுதினோம். நாட்டுத் தொண்டர்களைப் பற்றி எழுதினோம். இம்முறை ஒரு சினிமாக்காரரைப் பற்றி எழுதத் துணிந்துள்ளோம். கூத்தாடிக்கு மலரில் இடமா என்று மூத்த அன்பர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். படித்து முடித்தபின் அவர்கள் தீர்ப்புக் கூறட்டும்.

நம் லைன் வீடுகளின் கொடிக்கயிறுகளில் எந்நாளும் உலர்ந்துகொண்டிருக்கும் ஓர் உடையிலிருந்து தொடங்குவோம். கையில்லாத பனியனுக்குச் ‘சாண்டோ பனியன்’ என்று பெயர். சுரங்கம் நடந்த நாளில் நம் பாட்டனார்கள் உடுத்தியது அது. இன்று மாரிக்குப்பத்தில் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் பேரப்பிள்ளைகள் சட்டைக்குள் உடுத்துவதும் அதுவே. பிரஷ்யாவில் பிறந்து இலண்டனில் புகழெய்திய யூஜின் சாண்டோ என்னும் பலசாலியின் பெயரே இப்படி நம் கொடிக்கயிறு வரையில் வந்து சேர்ந்தது. அவர் 1904, 1905 ஆண்டுகளில் இந்தியாவிற்கு வந்து பல நகரங்களில் தம் உடல் வலிமையைக் காட்டினார். அதன்பின் நம் நாட்டில் தேகப்பயிற்சி செய்து மார்பு அகன்ற இளைஞர் பலருக்கும் ‘சாண்டோ’ என்பது ஒரு பட்டமாகிவிட்டது. பிற்காலத்தில் படமுதலாளியாக விளங்கிய கோவை சின்னப்பா தேவரும் அப்பட்டம் தாங்கியவரே. ஆனால் அவருக்கெல்லாம் முன்னவர் நம் கதாநாயகர்.

புதுக்கோட்டையில், தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பிறந்தவர் பி. கே. நாகலிங்கம். இளமையிலேயே தேகப்பயிற்சியிலும் உடல் வித்தைகளிலும் தேர்ந்தார். ராஜா சாண்டோ என்ற பெயர் அவருக்கு வாய்த்தது. நாகலிங்கம் என்ற பெயர் மெல்ல மறைந்தது. கையிலிருந்த முதல் உடல் ஒன்றே. அதைக்கொண்டு பிழைக்க அவர் சென்ற ஊர் பம்பாய்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் இத்தங்கவயலுக்கு வந்தபோது அவர்களிடம் இருந்தது என்ன? அவர்களும் உடல் வலிமையை மட்டுமே கொண்டுவந்தார்கள். ஆனால் அவர்கள் கூட்டமாக வந்தார்கள். வந்த இடத்தில் தமிழ் பேசும் லைன்கள் அமைந்தன. சாண்டோ சென்ற பம்பாய்ப் படக்கம்பெனிகளிலோ குஜராத்தியும் மராத்தியும் உருதுவுமே வழங்கின. அங்கே ஒரு தமிழர் கதாநாயகராவது எங்ஙனம்? படம் பேசாதிருந்தது, அதனால் ஆயிற்று.

எஸ். என். பட்டாங்கர் என்பவரின் நேஷனல் பிலிம் கம்பெனியில், சண்டையும் சாகசமும் செய்யும் ஆளாக அவர் முதலில் சேர்ந்தார். 1922-ல் ‘பக்த போதனா’ என்னும் படத்தில் முதன்மை வேடம் கிட்டியது. அதற்கு அவர் பெற்ற ஊதியம் 101 ரூபாய் என்பர். அதன்பின் ஏற்றம் விரைவாக வந்தது. அந்நாளில் பம்பாயின் பெரிய ஸ்தாபனமாகிய கோகினூர் கம்பெனியின் படங்களில் அவர் முன்வரிசை நடிகரானார். 1926-ல் சந்துலால் ஷா இயக்கிய ‘டைப்பிஸ்ட் கேர்ள்’ படத்தில் சுலோசனாவுடனும் கோஹருடனும் நடித்தார். இந்தச் சுலோசனாவின் இயற்பெயர் ரூபி மையர்ஸ், யூத குலத்தவர், படத்துக்கு வருமுன் டெலிபோன் ஆப்பரேட்டராக வேலை பார்த்தவர். கதாநாயகன் புதுக்கோட்டைத் தமிழர், கதாநாயகி யூதப் பெண், டைரக்டர் குஜராத்தி! திரையில் ஒருவரோடொருவர் காதல் பேசினார்கள். என்ன மொழியில் வாயசைத்தார்களோ, அதைக் கேட்டவர் எவர்? இடையிடையே எழுத்து அட்டைகள் வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கொட்டகையில் ஒருவர் அவற்றை உரக்கப் படித்துச் சொல்வார். தமிழர் கூட்டத்தில் அது தமிழ்ப் படம். தெலுங்கர் கூட்டத்தில் தெலுங்குப் படம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே தெருவில் கேட்கும் நம் வயலைப் போன்ற ஊருக்கு அதைவிடப் பொருத்தமான கலை ஒன்று இருக்க முடியாதென்றே நமக்குத் தோன்றுகிறது.

1927-ல் வெளிவந்த ‘குணசுந்தரி’யைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதிலும் ஷாவே டைரக்டர். கோஹர் மனைவி, சாண்டோ கணவர். மனைவி பொழுதெல்லாம் வீட்டு வேலையிலும் குடும்பக் கடமையிலும் மூழ்கியிருக்கிறாள். கணவனோ துணை நாடி வெளியே அலைகிறான். அழுது கொண்டிருப்பதை விட்டு, அவள் தானும் அவனோடு சமமாக வெளியுலகில் நடமாடத் துணிகிறாள். பார்வதியும் சீதையும் திரையை நிறைத்திருந்த காலத்தில், அண்டை வீட்டுப் பெண்ணின் துன்பத்தைக் கதையாக்கிய படம் அது. மக்கள் அதைப் பெரிதும் வரவேற்றனர். பிறகு சாண்டோ இயக்கிய படங்களைக் காணும்போது, அப்படத்தில் நடித்தவர் அதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டே வெளிவந்தார் என்று கருதுகிறோம். சமூகக் கதையின்மீது அவருக்கு உண்டான பற்று எளிதில் தணியவில்லை.

1928-ல் ‘ஸ்நேக ஜோதி’யின் மூலம் அவர் டைரக்டருமானார். நடிகர் டைரக்டராவது இன்று புதுமையன்று. அன்று ஒரு நடிகர், அதிலும் சண்டைக்காரராகத் தொடங்கியவர், காமிராவின் பின்னே நின்று பிறரை நடத்துவது சிறு செயலன்று.

அச்சமயம் சென்னையில் படத்தொழில் தள்ளாடிக்கொண்டிருந்தது. நடராஜ முதலியார் தொடங்கிவைத்த முயற்சி பல இடையூறுகளைச் சந்தித்து நின்றிருந்தது. ஆர். பத்மநாபன் என்பவர் அசோசியேட்டட் பிலிம்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். பம்பாயில் தொழிலைக் கற்றுத் தேர்ந்த சாண்டோ அதன் டைரக்டராக வந்து சேர்ந்தார். அங்கே நட்சத்திரமாக இருந்தவர் இங்கே வந்து தொழில் சொல்லிக்கொடுத்தார் என்பதே இவர் வரலாற்றின் உச்சம் என்போம். ‘பேயும் பெண்ணும்’ (1930), ‘அநாதைப் பெண்’ (1931), ‘ராஜேஸ்வரி’ (1931) என்று பேசாப் படங்கள் வெளிவந்தன. தலைப்புகளைப் பாருங்கள், புராணமில்லை, பெண்ணின் வாழ்வே பொருள். காதற் காட்சிகளில் அவர் காட்டிய துணிவு இன்றுள்ளோரையும் சற்றுத் திகைக்கவைக்கும் என்று திரை வரலாற்றாசிரியர் குறித்துள்ளனர். குடும்பத்தார் படிக்கும் மலராதலால் அதனை விரிக்காமல் விடுகிறோம்.

அந்தக் கம்பெனியில் பயின்றவர்கள் யார் என்பது இன்னும் சுவையானது. ‘பேயும் பெண்ணும்’ படத்துக்குக் கதையமைக்க வந்தவர் சட்டம் படித்த இளைஞர் ஒருவர், பெயர் கே. சுப்பிரமணியம். பிற்காலத்தில் ‘பாலயோகினி’யையும் ‘சேவாசதன’த்தையும் ‘தியாகபூமி’யையும் தந்து, தமிழ்ப் படத்தைச் சமுதாயச் சீர்திருத்தத்தின் பக்கம் திருப்பிய பெருமகனார் அவரே. ‘ராஜேஸ்வரி’யில் நடித்த டி. பி. ராஜலட்சுமி, 1931 அக்டோபர் 31-ஆம் நாள் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமாகிய ‘காளிதா’ஸின் கதாநாயகியானார்.

பேசும் படம் வந்தது. ஒரு நொடியில் நாடகமே மாறிவிட்டது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் பம்பாயில் வெளியான ‘ஆலம் ஆரா’வின் கதாநாயகர் மாஸ்டர் விட்டல். சாண்டோவைப் போலவே உடல் வலிமையால் புகழ் பெற்றவர். அவருக்கு இந்துஸ்தானி சரளமாக வராமையால், படத்தில் பெரும்பகுதி அவரை மயக்கத்தில் ஆழ்ந்தவராகவே வைக்க நேர்ந்தது என்பர். நேற்றுவரை எவரும் கேளாத கேள்வி ஒன்று ஒவ்வொரு நடிகரையும் நோக்கி எழுந்தது: உனக்கு எந்த மொழி? வேற்று மொழி வழங்கும் மாநிலத்தில் மூன்று, நான்கு தலைமுறையாக வாழும் நம்மவர்க்கு இக்கேள்வியின் கூர்மையை விளக்க வேண்டியதில்லை. பள்ளியில் எம்மொழிப் பிரிவில் பிள்ளையைச் சேர்ப்பது என்று ஆண்டுதோறும் நம் வீடுகளில் எழும் கேள்வியும் அதுவன்றோ?

சாண்டோ அதனின்றும் ஓடிவிடவில்லை. 1934-ல் ‘இந்திரா எம்.ஏ.’ என்னும் இந்திப் பேசும் படத்தில் சுலோசனாவுடன் மீண்டும் நடித்தார். ஆயினும் அவருடைய பெரும்பணி அதன்பின் தமிழிலேயே அமைந்தது. ஊமைப் படம் அவரை எல்லா மொழியினர்க்கும் உரியவராக்கியிருந்தது. பேசும் படம் அவரைத் தமிழர்க்குத் திருப்பித் தந்தது.

தமிழ்ப் படங்கள் அந்நாளில் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் சென்றே தயாராகிவந்தன. சென்னையில் ஒலிப்பதிவு செய்யத்தக்க ஸ்டூடியோ 1934-ல்தான் ஏற்பட்டது. ஆகவே பம்பாயை நன்கறிந்த தமிழ் டைரக்டர் ஒருவர் படமுதலாளிகளுக்குக் கிடைத்தற்கரிய செல்வமானார். 1935-ல் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலாகிய ‘மேனகா’வைப் படமாக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. கந்தசாமி முதலியார் நாடகமாக்கி, டி. கே. எஸ். சகோதரர்கள் மேடையில் நடத்திப் புகழ் பெற்ற கதை அது. அக்குழுவினரே படத்திலும் நடித்தனர். என். எஸ். கிருஷ்ணனைத் தமிழ் மக்கள் முதன்முதலில் திரையில் கண்டது அப்படத்தில்தான்.

நாடகம் நடத்திப் பழகியவர்களைக் காமிராவின் முன் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள். மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி முழங்க வேண்டும்; அதே முழக்கம் மைக்கின் முன் பேரிரைச்சலாகிவிடும். மேடையில் கையை வீசி நடிக்கலாம். காமிரா அருகில் வந்தால் கண்ணசைவே மிகையாகிவிடும். இதையெல்லாம் பேசாப் படத்தில் பத்தாண்டு முகத்தாலேயே பேசிப் பழகிய ஒருவர் சொல்லித் தருவதற்கு ஈடுண்டோ? சாண்டோ கண்டிப்புக்குப் பேர் போனவர். அவருடைய செட்டில் நடிகர்கள் நடுங்கினார்கள் என்பது பலரும் கூறும் செய்தி. அந்தக் கண்டிப்பை நாம் முழுவதும் போற்ற மாட்டோம். தேகப்பயிற்சிக்கூடத்தின் முறை கலைக்கூடத்துக்கு எப்போதும் பொருந்துமென்று சொல்வதற்கில்லை.

‘மேனகா’ கதையில், கணவன் வீட்டாரால் விலைக்கு விற்கப்பட்ட பிராமணப் பெண்ணை, வாங்கியவனுடைய மனைவியாகிய நூர்ஜகான் என்னும் முஸ்லிம் பெண்ணே காப்பாற்றுகிறாள். மதம் வேறானவர்கள் சுவர் பகிர்ந்து வாழும் நம் லைன்களில் இதன் அருமை சொல்லாமலே விளங்கும். ‘சமூகப் படம்’ என்பதைத் தமிழ்நாட்டில் நிலைநாட்டிய படங்களுள் ஒன்று இது. அடுத்த ஆண்டே ‘சந்திரகாந்தா’ வந்தது. ஜே. ஆர். ரங்கராஜுவின் நாவல் அது. மடாதிபதி ஒருவரின் ஒழுக்கக்கேட்டை வெளிப்படுத்தும் கதை. ஜூபிடர் நிறுவனம் எடுத்த இப்படத்தில், திரையில் முதன்முதலாகத் தோன்றிய இளைஞர் ஒருவர் இருந்தார். அவரும் புதுக்கோட்டைக்காரர், பி. யு. சின்னப்பா. பின்னாளில் ‘உத்தமபுத்திர’னிலும் ‘கண்ணகி’யிலும் தமிழகத்தையே ஆட்கொண்ட அந்நடிகரை அவருடைய ஊர்க்காரரே திரைக்கு இட்டுவந்தார்.

எனினும் வாணிபத்தின் கை வலியது. மக்கள் பாட்டையும் பக்தியையும் கேட்டார்கள். முதலாளிகள் அதையே கொடுத்தார்கள். சாண்டோவும் 1938-ல் ‘விஷ்ணு லீலா’வையும், 1939-ல் ‘திருநீலகண்ட’ரையும் இயக்கினார். பின்னது தியாகராஜ பாகவதர் நடித்துப் பெருவெற்றி கண்ட படம். திருநீலகண்டர் வரலாற்றை நம் தாய்மார்கள் அறிவார்கள்: பானை வனையும் தொழிலாளி, தீண்டாதே என்று மனைவி ஆணையிட, இளமை கழிந்து முதுமை வரையில் இருவரும் ஒரே வீட்டில் விலகி வாழ்ந்தார்கள். காதற் காட்சிகளில் வரம்பு மீறினாரென்று பேசப்பட்ட டைரக்டருக்கு, ஒருவரையொருவர் தொடாத தம்பதியின் கதை வாய்த்ததை நினைத்து நாம் புன்னகை செய்ததுண்டு.

1942-ல் நீதி வழுவாத சோழன் கதையாகிய ‘ஆராய்ச்சிமணி’. பிறகு மீண்டும் பாகவதரோடு ‘சிவகவி’. அது கோவையில் பட்சிராஜா நிறுவனத்தின் படம். பாதியில் சாண்டோவுக்கும் ஸ்டூடியோவின் தலைவர் ஸ்ரீராமுலு நாயுடுவுக்கும் கருத்து வேறுபாடு நேர்ந்தது. சாண்டோ விலகினார், நாயுடுவே மீதியை முடித்தார். 1943-ல் படம் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. அதே ஆண்டில், கோவையிலேயே, மாரடைப்பால் சாண்டோ மறைந்தார். வயது ஐம்பதை எட்டவில்லை. உடலையே மூலதனமாகக் கொண்டு வாழ்வைத் தொடங்கியவரை அவ்வுடல் அவ்வளவு சீக்கிரம் கைவிட்டது. பாறைத் தூசியால் நெஞ்சு நலிந்து நாற்பத்தைந்திலேயே முதியவராகிவிட்ட சுரங்கத் தொழிலாளரைக் கண்டு வளர்ந்த நமக்கு இச்செய்தி வெறும் செய்தியாகப் படவில்லை.

தமிழ்நாட்டு அரசு கலைஞர்களுக்கு வழங்கும் விருதுகளுள் ஒன்றுக்கு ராஜா சாண்டோ பெயரை இட்டுச் சிறப்பித்துள்ளது. ஆனால் ‘மேனகா’வின் பிரதி எஞ்சவில்லை. தென்னாட்டுப் பேசாப் படங்களுள் காலத்தை வென்று இன்று காணக்கிடைப்பது 1933-ல் வெளியான ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே. அது சாண்டோவின் படமன்று. ‘பேயும் பெண்ணு’ம், ‘ராஜேஸ்வரி’யும் போய்விட்டன. ‘சிவகவி’ இருக்கிறது. நம் காலனியில் அப்படத்தின் பாடல்களை இன்றும் முணுமுணுக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை அதைத் தொலைக்காட்சியில் காணும் அன்பர்கள், பாகவதரின் குரலில் மயங்கியிருக்கும் வேளையில், இதன் ஒரு பகுதியை எடுத்தவர் பம்பாய்க்குப் போய் வந்த புதுக்கோட்டை நாகலிங்கம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பார்களாக.