கணக்கெடுத்த கனவான்

ஏழை ஏன் ஏழையானான்? குடித்துக் கெட்டான், சோம்பிக் கெட்டான், தலைவிதி! பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துச் சீமான்கள் பாடிய பல்லவி இது. அதைத் தவிடுபொடியாக்கியவர் தொழிற்சங்கத் தோழரல்லர். கோகோ ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை! 1871-இல் யார்க் நகரில் பிறந்த சீபோம் ரவுண்ட்ரீ.

1899-இல் அந்நகரத் தொழிலாளர் குடும்பங்கள் 11,560-ஐயும் கணக்கெடுத்தார். உடல் உரம் குன்றாதிருக்க மட்டும் எவ்வளவு தேவை? கணவன், மனைவி, மூன்று குழந்தைகளுக்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ். அதிலே பத்திரிகைக்குக் காசில்லை, டிராமுக்கில்லை, வெளியூர் மகனுக்குக் கடிதம் போடத் தபால்தலைக்குமில்லை. புகையிலையா? பேச்சே இல்லை! அந்த அற்ப அளவையும் எட்டாதோர் 7,230 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் உழைப்பவன் ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தான். கூலிதான் போதவில்லை!

குடியால் வந்த கேட்டையும் அவர் மறைக்கவில்லை. அதை இரண்டாம் வகை வறுமையில் சேர்த்தார். கணக்கு நாணயமாயிருந்ததால்தான், 1901-இல் நூல் வெளிவந்ததும் சீமான்கள் திணறினர் என்போம் நாம்.

1936-இல் மறுபடி கணக்கெடுத்தார். இம்முறை பத்திரிகைக்கும் வானொலிக்கும் இடமளித்தார். தொழிலாளர் நூற்றுக்கு 31 பேர் வறுமையில்! 1942-இல் வெளியான பெவரிட்ஜ் அறிக்கைக்கும் ஆலோசனை தந்தார். 1945-இல் குடும்ப உதவித்தொகைச் சட்டம் பிறந்தது. 1950-இல் மூன்றாம் கணக்கு: நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. 1954-இல் மறைந்தார். பின்னாளில் அறிஞர்கள் அந்த 1950 தாள்களையே புரட்டி, வறுமையைக் குறைத்துக் காட்டிவிட்டார் என்று அவரையும் திருத்தினர்.