தரிசைப் பட்டாவாக்கச் சொன்ன கலெக்டர்

எங்கள் மல்லசமுத்திரம் பக்கம் ஒருவரைப் பற்றி விசாரித்தால், காடு எத்தனை ஏக்கர் என்பதுதான் முதல் கேள்வி. காடு இல்லாதவன் பேச்சு சபை ஏறாது. இதை நூறு வருஷத்துக்கு முன்பே புரிந்துகொண்ட ஒரு வெள்ளைக்காரரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் பெயர் ஜேம்ஸ் ஹென்றி ஆப்பர்லி திரமென்ஹீர். 1853-ல் பிறந்தவர். சென்னை மாகாணத்தில் செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டராக இருந்தார். அங்கே சேரி மக்கள் பட்ட பாட்டைக் கண்டார். வாங்கிய கடனுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாள் வேலை. குடிசை போட்ட இடம்கூடச் சொந்தமில்லை. தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டால், மிராசுதாருக்கே முதல் உரிமை என்பார்கள்.

கலெக்டர் கண்டும் காணாமல் இருக்கவில்லை. 1891-ல் விரிவான அறிக்கை எழுதினார். இவர்களுக்கு நிலம் வேண்டும், வீட்டுமனை வேண்டும், படிப்பு வேண்டும் என்று வாதாடினார். அதன் பலனாக 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை பிறந்தது. மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டது. தாழ்த்தப்பட்டோரை அன்று பஞ்சமர் என்றதால், அது பஞ்சமி நிலம் ஆயிற்று.

10 ஆண்டுவரை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

காகிதத்தில் தந்தது கையில் நிற்குமா? அமெரிக்காவில் செரோக்கி மக்களை 1838-ல் சொந்த மண்ணிலிருந்து துரத்தி, மேற்கே நிலம் ஒதுக்கினார்கள். வழியிலேயே ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பின்னாளில் அந்த நிலத்தையும் துண்டு துண்டாகப் பிரித்தபோது, பெரும்பகுதி வெளியாட்கள் கைக்குப் போனது.

திரமென்ஹீர் 1912-ல் காலமானார். இங்கேயும் ஏராளமான பஞ்சமி நிலம் கைமாறிவிட்டது. காரணை கிராம நிலத்தை மீட்க 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு 2 பேர் பலியானார்கள்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். எழுத்துத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது என்னவெல்லாம் போகும் என்பது எனக்குத் தெரியும். நண்பர்களே, நாளை நம்மில் சிலர் சர்வேயர் ஆவோம். அ பதிவேட்டில் ஒரு சர்வே நம்பருக்கு நேரே பஞ்சமி என்றோ டி.சி. என்றோ கண்டால், சங்கிலி பிடிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்போம்: இந்த நிலம் யாருக்குத் தந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது?

அந்தக் கலெக்டருக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே!