தேவசகாயத்தின் பிரார்த்தனை

பிரார்த்தனை செய்பவனுக்குத் துன்பம் வாராது என்று எண்ணுவோர் உலகில் அநேகர். துன்பம் வந்துவிட்டால், பிரார்த்தனை வீணாயிற்று என்று மனம் கசந்து போவோரும் அநேகர். இவ்விரு திறத்தாரும் படித்தறிய வேண்டிய சரித்திரம் ஒன்று நமது நாட்டின் தென்கோடியில் நிகழ்ந்திருக்கிறது. அது 1752-ஆம் வருஷம் உயிர் நீத்த தேவசகாயத்தின் சரித்திரமாகும்.

இன்று கன்னியாகுமரி ஜில்லாவிலுள்ள நட்டாலம் அக்காலத்தில் திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வூரில் 1712-ஆம் வருஷம் ஏப்ரல் 23-ந் தேதி பிறந்தவர் நீலகண்டன். குலத்தாலும் கல்வியாலும் மதிப்புப் பெற்ற அவர், பத்மநாபபுரத்தில் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் அரண்மனை உத்தியோகஸ்தராக அமர்ந்தார். பார்கவி என்னும் மங்கையை மணந்து, குறைவின்றி வாழ்ந்து வந்தார்.

1741-ஆம் வருஷம் குளச்சல் யுத்தத்தில் டச்சுக்காரர்கள் தோல்வியுற்றனர். அவர்களுள் சிறைப்பட்ட டி லனாய் என்னும் வீரர், பின்னர் மகாராஜாவின் சேனையைப் பழக்கும் தளபதியாக உயர்ந்தார். அவருக்கும் நீலகண்டனுக்கும் நட்பு வளர்ந்தது. அச்சமயம் நீலகண்டனுக்குப் பொருள் நஷ்டமும் குடும்பக் கஷ்டமும் அடுத்தடுத்து நேர்ந்தன. சோர்வுற்றிருந்த நண்பருக்கு டி லனாய், கிறிஸ்தவ வேதத்திலுள்ள யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வரலாறு. செல்வமும் மக்களும் தேக சுகமும் போன பின்பும் கடவுளை விடாத ஒருவனின் கதை அது. பிற்காலத்தில் தாமே அவ்வாறு சோதிக்கப்படுவோம் என்று நீலகண்டன் அப்போது அறிந்திருக்க நியாயமில்லை.

1745-ஆம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வடக்கன்குளத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். அங்கு அவருக்கு இடப்பட்ட லாசரு என்னும் பெயரின் தமிழ் வடிவமே தேவசகாயம். கடவுளின் உதவி என்பது அதன் பொருள். பார்கவியும் ஞானப்பூ என்னும் பெயருடன் கணவரைப் பின்பற்றினார்.

மதம் மாறியதோடு தேவசகாயம் நிற்கவில்லை. தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகவும் உண்ணவும் தொடங்கினார். அரண்மனையைச் சூழ்ந்திருந்தோர் சிலருக்கு இது பொறுக்கவில்லை. 1749-ஆம் வருஷம் பிப்ரவரி 23-ந் தேதி அவர் சிறைப்பட்டார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் எதுவென்பதில் சரித்திராசிரியர்களுக்குள் அபிப்பிராய பேதமுண்டு. அவர் அனுபவித்த துன்பங்களைப் பரம்பரை வரலாறு விரிவாகக் கூறுகிறது. எருக்கம்பூ மாலை சூட்டி, எருமையின் மீது பின்முகமாக அமர்த்தி, ஊர் ஊராக அவரைக் கொண்டு சென்றனர். நாள்தோறும் அடித்துப் புண்களில் மிளகாய்ப்பொடி தடவினர். பெருவிளையில் மாதக்கணக்கில் ஒரு வேப்பமரத்தில் கட்டி வைத்தனர்.

கொண்ட விசுவாசத்தை மறுப்பதாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இவ்வளவும் அக்கணமே நீங்கியிருக்கும். இழந்த உத்தியோகமும் திரும்பக் கிடைத்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தை மூன்று வருஷ காலத்தில் அவர் வாயினின்று வரவேயில்லை. அவருக்குத் துணையாயிருந்தது பிரார்த்தனை ஒன்றே. அது விலங்கை அறுக்கவில்லை, அடியையும் தடுக்கவில்லை. ஆயினும் அடித்தவர்களைப் பகைக்காத மனத்தையும், மறுநாள் வரும் அடியைத் தாங்கும் உறுதியையும் அவருக்கு அளித்தது. இகழ்ச்சிக்குரியவராக ஜனங்கள் முன் நிறுத்தப்பட்ட அவரிடம், அந்த ஜனங்களே ஆறுதலும் ஆசியும் தேடி வரலாயினர். தாகத்தால் வாடிய அவர் புலியூர்க்குறிச்சியில் பிரார்த்தித்துப் பாறையை முழங்கையால் இடிக்க, நீர் சுரந்தது என்று அப்பகுதி மக்கள் இன்றும் சொல்லி, அதனை முட்டிடிச்சான் பாறை என்றே வழங்குகின்றனர்.

முடிவில் ஆரல்வாய்மொழிக்கு அவர் கொண்டு செல்லப்பட்டார். 1752-ஆம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி, காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றனர். சற்று நேரம் பிரார்த்தனை செய்ய அனுமதி கேட்டுப் பெற்று, முழந்தாளிட்டு ஜபித்த பின்னரே அவர் குண்டுகளை ஏற்றார் என்பர். காட்டில் எறியப்பட்ட அவர் உடலின் எச்சங்களை அன்பர்கள் தேடியெடுத்து, கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர்.

2012-ஆம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டது. 2022-ஆம் வருஷம் மே 15-ந் தேதி ரோமாபுரியில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவில் பிறந்த, குருத்துவம் பெறாத இல்லறத்தாருள் அப்பதவி எய்திய முதல்வர் அவரே. பிள்ளை என்னும் ஜாதிப் பட்டத்தை நீக்கித் தேவசகாயம் என்று மட்டுமே அவரை அப்போது அழைத்தனர். சமத்துவத்துக்காகப் பாடுபட்டவருக்கு அது தக்க மரியாதையேயாகும்.

கடவுளின் உதவி என்று பெயர் பெற்றவருக்கு விடுதலை என்னும் உதவி வரவில்லை. அவருக்கு வந்தது பணியாத நெஞ்சு. கொள்கைக்காகக் கஷ்டத்தை ஏற்கத் துணிவோர், எந்த மதத்தவராயினும், முதலில் வேண்டிப் பெறத்தக்கது அதுவே என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.